மாமரமும் மக்காச்சோளமும் நடத்தும் ஆபரேஷன் தியேட்டர்

மிஷன் ஆஸ்பத்திரி வேலைக்கு ஆப்பிரிக்கா போகலாமா என்று கேட்டு வரும் இளம் சர்ஜன்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் தொடங்குவார்கள். "அங்கே என்ன கேஸ் எல்லாம் பண்ணலாம் அண்ணா?" நான் திருப்பிக் கேட்பேன்: சிசேரியன் தனியாகச் செய்வியா? முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைக்கத் தெரியுமா? தொடையிலிருந்து தோல் எடுத்துத் தீப்புண்ணில் ஒட்டியிருக்கியா? மாவுக்கட்டு உன் கையால் போட்டு எவ்வளவு காலமாச்சு? அதோடு பாதிப் பேருக்கு உற்சாகம் வடிந்துவிடும். சின்னத் துளை வழியே லேப்பராஸ்கோப் வைத்துப் பித்தப்பை எடுப்பதில் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் நான் வேலை பார்த்த இடத்தில் பித்தப்பைக் கல் என்பதே அபூர்வம்.

நான் இருந்தது மலாவி. தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் கடலே தொடாத சின்ன நாடு. கடலுக்குப் பதிலாகக் கிழக்கு ஓரத்தில் 580 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் ஏரி. நாட்டின் மத்தியப் பகுதியில், ஏரியை நோக்கி இறங்கும் மலைச்சரிவுக்கு மேலே எங்கள் ஆஸ்பத்திரி. சுற்றிலும் மக்காச்சோளம், புகையிலை, செம்மண் ரோடு. ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நோயாளிகளைப் பற்றிப் பேசப் போகிறேன், அந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

அங்கே மிஷன் மருத்துவம் புதிதல்ல. ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் லாஸ் 1875இல் ஏரியின் தென்கரையில் கேப் மக்ளியரில் வந்து இறங்கி, அடுத்த ஆண்டே குளோரோஃபார்ம் கொடுத்து ஆபரேஷன் செய்தார். அதற்குப் பிறகு வந்த வெள்ளைக்கார டாக்டர்களை மக்களுக்குப் பழக்கம். இந்தியன் டாக்டராக வருவதுதான் வேடிக்கையாக இருந்தது. மலாவியில் இந்தியர் என்றால் கடைக்காரர். பெரும்பாலும் குஜராத்திகள், தலைமுறை தலைமுறையாக அங்கே வியாபாரம் செய்பவர்கள். ஒரு பாட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் நர்ஸிடம் கேட்டார், "இவர் இங்கே இருந்தால் கடையை யார் பார்த்துக்கொள்வது?" வார்டே சிரித்தது. பிறகு கொஞ்ச காலம் எனக்கு அதுதான் அறிமுகம்: கடை இல்லாத இந்தியன்.

எங்கள் குமரி மாவட்டத்தில் மிஷன் டாக்டர் கதை கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. 1838இல் தொடங்கிய நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஹோவார்டு சாமர்வெல் என்ற ஆங்கிலேய சர்ஜன் இருந்தார். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப்போன குழுக்களில் இருந்தவர். முதல் பயணம் முடிந்து தெற்கே சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். இந்தக் கதையில் மலையும் தியாகமும்தான் பெரிதாகச் சொல்லப்படும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தக் காலத்துத் தெற்குத் திருவிதாங்கூரில் சிறுகுடலின் தொடக்கப் பகுதியான டியோடினத்தில் புண் வந்து வயிறு அடைத்துப் போனவர்கள் ஏராளம். அவர் அதைக் கவனித்தார், அந்த ஒரு ஆபரேஷனில் கை தேர்ந்தார், அதையே ஆயிரக்கணக்கில் செய்தார். ஊருக்கு என்ன நோயோ அதற்கான சர்ஜனாக மாறினார்.

மலாவியில் நான் கற்றுக்கொண்டதும் அதுதான். அங்கே கூடுதலாக ஒன்று: ஊருக்கு மட்டுமல்ல, மாதத்துக்கும் ஒரு நோய் இருந்தது. தியேட்டர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தே நாளை என்ன கேஸ் வரும் என்று எங்கள் தியேட்டர் நர்ஸ் சொல்லிவிடுவார்.

நவம்பரில் மாங்காய் பழுக்கும். பழுத்ததும் பிள்ளைகள் மரத்திலிருந்து விழத் தொடங்குவார்கள். முழங்கைக்கு மேலே உடைந்த கை, முன்கை எலும்பு இரண்டும் உடைந்த கை, தினமும் வரும். ஆபரேஷன் நடக்கும்போதே எலும்பைத் திரையில் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரே கிடையாது, அதனால் கம்பி செருகுவது பெரும்பாலும் கனவு. கெட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்து, கையால் இழுத்து நேராக்கி, மணிக்கட்டில் நாடி துடிக்கிறதா என்று பார்த்து, கட்டுப் போடுவோம். முழங்கைக்குப் பக்கத்து முறிவு நிலையாக நிற்காவிட்டால் கையைத் தொங்கவிட்டு எடை கட்டிப் படுக்க வைப்போம். இங்கே ஒரு விதி. கட்டுப் போட்ட பிள்ளையை அன்றே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். "விரல் வீங்கினால் உடனே கொண்டுவாருங்கள்" என்று நம் ஊரில் சொல்லிவிடலாம். அங்கே இரவில் விரல் வீங்கினால், சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து விடியும்வரை மிதித்து வரவேண்டும். அதற்குள் தசை செத்துவிடும். மாவுக்கட்டை நீளவாக்கில் வெட்டிப் பிளந்துவிட்டு, துணி சுற்றி, ஓர் இரவு வார்டிலேயே வையுங்கள். படுக்கை இல்லையென்றால் தரையில் பாய் போடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழை. மழை வந்தால் மூன்று காரியம் சேர்ந்து நடக்கும். ரோடு அறுந்துபோகும். மலேரியா ஏறும். போன வருஷத்து மக்காச்சோளம் வீடுகளில் தீரும். இந்த மூன்றும் சர்ஜனுக்கு என்ன சம்பந்தம் என்று முதலில் எனக்கும் தோன்றியது. ரோடு அறுந்தால் பிரசவ வலியெடுத்த பெண் இரண்டு நாள் கழித்து வருவாள். மலேரியா ஏறினால் ரத்தம் வற்றிய குழந்தைகளுக்கே இருக்கிற ரத்தப் பை எல்லாம் போய்விடும், தியேட்டருக்கு மிஞ்சாது. வீட்டில் மாவு தீர்ந்தால் நோயாளிக்குப் புண் ஆறாது, கூட இருப்பவரும் நிற்க மாட்டார்.

அந்த மாதங்களில் நான் பயந்த ஒரே வார்த்தை, கர்ப்பப்பை கிழிசல். குழந்தை சிக்கி வெளியே வராமல், வலி மட்டும் தொடர்ந்து, கடைசியில் கர்ப்பப்பையே கிழிந்துவிடும். தாய்க்கு வலி திடீரென்று நின்றுவிடும், கூட வந்தவர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். வலியைத் துரிதப்படுத்த "முவானாம்பெப்போ" என்று ஒரு நாட்டு மருந்து கொடுப்பார்கள். அது கர்ப்பப்பையைக் கடுமையாகச் சுருங்க வைக்கும் என்று அங்குள்ள மருத்துவர்களும் நர்ஸ்களும் நம்புகிறார்கள், நான் பார்த்ததும் அதற்கு ஒத்துப்போனது. நாட்டு மருந்து கொடுத்தீர்களா என்று அதட்டிக் கேட்டால் யாரும் ஆம் என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் மிட்வைஃப் ஒருவர் கேட்கும் விதம் எனக்குப் பிடிக்கும்: "எங்கள் வீட்டிலும் கொடுப்பார்கள் அம்மா, நீங்கள் எப்போது கொடுத்தீர்கள்?" நேரமும் அளவும் உடனே வந்துவிடும்.

இப்படி ரத்தம் போய், அழுத்தம் இறங்கி வருபவருக்கு முதுகில் ஊசி போடாதீர்கள். சிசேரியனுக்கு ஸ்பைனல் போட்டுப் பழகிய கை தானாக அங்கே போகும், ஏற்கெனவே தரைதட்டிய ரத்த அழுத்தம் அதோடு போய்விடும். கெட்டமின்தான். சரியான அளவில் மெதுவாகக் கொடுத்தால் ரத்த அழுத்தம் பெரும்பாலும் தாங்கும், மூச்சை நோயாளி தானே விட்டுக்கொண்டிருப்பார். பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மட்டும் விரலிலிருந்து எடுக்கவே கூடாது.

ரத்தத்துக்கு என்ன செய்வது? குழாயில் கர்ப்பம் தங்கி வெடித்து, வயிறு முழுக்க ரத்தத்தோடு வரும் பெண்கள் உண்டு. ரத்த வங்கியில் ஒன்றுமில்லை. வயிற்றில் மட்டும் ஒன்றரை லிட்டர் கிடக்கிறது. கிருமி நீக்கிய குழிக்கரண்டியால் அதை மொண்டு, பல மடிப்புக் காஸ் துணியில் வடிகட்டி, உறையாமல் காக்கும் மருந்து உள்ள ரத்தப் பையில் ஊற்றி, அவளுக்கே திருப்பி ஏற்றலாம். ரத்தம் புதிதாக இருக்கவேண்டும், நாறக்கூடாது, குடல் ஓட்டை எதுவும் இருக்கக்கூடாது. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் சர்ஜன் அல்ல, மயக்க மருந்து கொடுக்கும் ஆஃபீசர். சமையல்கட்டுக் கரண்டி ஒன்று கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் டிரம்முக்குள் ஏன் இருக்கிறது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, "தேவைப்படும்போது தெரியும் டாக்டர்" என்றார்.

மழைக்காலத்தின் பின்பாதியில் டைஃபாய்டு வந்து குடல் ஓட்டையான பிள்ளைகள் வருவார்கள். இதில் அவசரம் வேண்டாம் என்று சொல்லவேண்டியிருக்கிறது. வந்தவுடன் வயிற்றைத் திறக்க ஆசை வரும். கண் குழிந்து, நாக்கு வறண்டு, சிறுநீரே இல்லாத பிள்ளையைச் சில மணி நேரம் டிரிப், ஆன்டிபயாட்டிக், மூக்கில் டியூப் என்று தேற்றிவிட்டு மேசையில் ஏற்றினால் பிழைக்கும் வாய்ப்பு கூடும். சிறுநீர் வரத் தொடங்குவதே எங்கள் தியேட்டரின் பச்சை விளக்கு.

இனி தொடை எலும்பு. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. மினிபஸ் கவிழ்ந்தும், லாரியின் சுமைமேல் உட்கார்ந்து போய் விழுந்தும் தொடை உடைந்து வருபவர்கள் ஆண்டு முழுக்க வருவார்கள். நம் ஊரில் அடுத்த நாளே கம்பி வைத்துவிடுவோம். அமெரிக்காவின் ரிச்லண்ட் நகரில் லூயிஸ் ஸெர்க்கிள் என்ற எலும்பு மருத்துவர் 1999இல் தொடங்கிய சைன் அமைப்பு, எக்ஸ்ரே டிவி இல்லாமலே வைக்கக்கூடிய ஆணியை ஏழை நாடுகளின் ஆஸ்பத்திரிகளுக்குத் தருகிறது. செய்த ஒவ்வொரு கேஸையும் படத்தோடு பதிவு செய்தால்தான் அடுத்த ஆணி வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது எல்லா இடத்திலும் இல்லை. இல்லாத இடத்தில் பெர்க்கின்ஸ் டிராக்‌ஷன். முழங்காலுக்குக் கீழே டிபியா என்ற கணைக்கால் எலும்பில் ஒரு பின்னை ஏற்றி, இருபுறமும் கயிறு கட்டி, மணல் பையைத் தொங்கவிட்டு, கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்த வேண்டும். கட்டிலின் கீழ்ப்பாதி கழன்று இறங்கும்படி செய்திருக்கும், நோயாளி எடையோடேயே முழங்காலை மடக்கி நீட்டலாம். ஆறிலிருந்து எட்டு வாரம், சிலருக்குப் பத்து.

பழங்காலத்து வைத்தியம் என்று இளக்காரமாக நினைக்கவேண்டாம். எலும்பு நன்றாகக் கூடும், கிருமி உள்ளே போகும் பயம் குறைவு, முழங்கால் இறுகாது. ஆனால் அதை நடத்துவது ஆபரேஷனைவிடக் கடினம். முதல் வாரம் தினமும் டேப் வைத்து இரண்டு காலின் நீளமும் அளக்க வேண்டும். பாதம் வெளிப்பக்கம் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். பின் நுழையும் இடத்தைத் துடைக்க வேண்டும். வலிக்கிறது என்று அழும் ஆளைத் தினமும் முழங்காலை மடக்கச் சொல்ல வேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கிடையே போட்டி வைத்துவிட்டால் இது தானாக நடக்கும். எங்கள் ஆண்கள் வார்டில் காலை எட்டு மணிக்கு ஒரு பாட்டு தொடங்கும், பாட்டுக்கு ஏற்ப எல்லா முழங்காலும் மடங்கும். பிசியோதெரபிஸ்ட் கிடையாது. பாட்டு எடுத்துக் கொடுப்பவர் ஐந்தாவது வாரத்தில் இருக்கும் லாரி கிளீனர்.

இதற்கும் காலண்டர் உண்டு. முதல் மழை விழுந்ததும் விதைக்க வேண்டும். விதைக்காத குடும்பத்துக்கு அடுத்த வருஷம் சோறில்லை. டிராக்‌ஷனில் கிடக்கும் ஆளுக்குக் கூட இருக்கும் மனைவி அன்றைக்கே கிளம்பிவிடுவாள், சில சமயம் நோயாளியும் பின்னோடேயே கிளம்பிவிடுவார். அவர்களைத் திட்டும் டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். திட்டி ஒன்றும் ஆகாது. அக்டோபரிலேயே உட்கார்ந்து பேசி, யார் நிலத்தை யார் பார்ப்பது, மனைவிக்குப் பதில் தம்பி வருவானா, அம்மா வருவாளா என்று முடிவு பண்ணி வைப்போம். இந்தப் பேச்சும் ரவுண்ட்ஸின் பகுதிதான்.

கூட இருப்பவர்களை அங்கே கார்டியன் என்பார்கள். நோயாளிக்கு ஒரு கார்டியன் கட்டாயம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அவர்களுக்கென்று கொட்டகையும் அடுப்புகளும் உண்டு. காலையும் மாலையும் மக்காச்சோள மாவைக் கிண்டி என்சிமா ஆக்கி, கீரையோ சின்ன ஏரி மீனோ சேர்த்துக் கொண்டுவருவார்கள். இரவில் ஐம்பது படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்றால், நிஜமான இரவு நர்ஸ் கார்டியன்தான். படுக்கைப்புண் வராமல் புரட்டுவது, வயிற்றுக் குழாயிலிருந்து வடியும் பாட்டில் நிரம்பினால் கூப்பிடுவது, மூச்சு வேகமானால் எழுப்புவது எல்லாம் அவர்கள் கையில். ஆகவே ரவுண்ட்ஸில் நோயாளியிடம் பேசும் அளவுக்குக் கார்டியனிடமும் பேசுங்கள். நின்றுகொண்டு அல்ல, உட்கார்ந்து. பெரியவர்கள் முன்னால் நின்றுகொண்டு பேசுவது அங்கே மரியாதையில்லை.

ஏப்ரல், மே அறுவடை. புகையிலை விற்ற பணம் கைக்கு வரும். அப்போதுதான் வருஷக்கணக்காகக் கால் நடுவே தொங்கிய ஹெர்னியா என்ற குடலிறக்கத்தோடு ஆண்கள் வரிசையாக வருவார்கள். முழங்கால் வரை தொங்கியதைக்கூடப் பார்த்திருக்கிறேன். இதற்குக் குடல் இறங்கும் இடத்தில் செயற்கை வலை வைத்துத் தைப்பது நல்லது, ஆனால் கம்பெனி வலையின் விலை அங்கே ஒரு குடும்பத்தின் பல மாத வருமானம். இதற்குத் தீர்வு இந்தியாவிலிருந்து போனது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. மகாராஷ்டிரத்தின் தொண்டாய்ச்சா என்ற சிற்றூரில் டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்கர் 1990களிலேயே சாதாரணக் கொசுவலைத் துணியை வெட்டிக் கிருமி நீக்கி ஹெர்னியாவில் வைக்கத் தொடங்கினார். பிறகு உகாண்டாவில் கம்பெனி வலையோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வில் இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்வதாகத் தெரிந்து 2016இல் வெளியானது. இரண்டு எச்சரிக்கை. மருந்து தோய்த்த மலேரியா வலையைத் தொடாதீர்கள். ஆட்டோகிளேவை 121 டிகிரியில் வையுங்கள், 134க்குப் போனால் அந்தப் பிளாஸ்டிக் தாங்காது.

ஜூன், ஜூலையில் அந்த மேட்டு நிலத்தில் நல்ல குளிர். வீட்டுக்குள் தீ மூட்டிச் சுற்றி உட்காருவார்கள். கொதிக்கும் கஞ்சிப் பானையை இழுத்த குழந்தைகள், வலிப்பு வந்து தீயில் விழுந்த பெரியவர்கள் வருவார்கள். வலிப்பு நோயாளிக்குத் தோல் ஒட்டிவிட்டு வலிப்பு மாத்திரை கொடுக்காமல் அனுப்பினால் அடுத்த குளிருக்கு மறுபடி வருவார். தோல் ஒட்டும் கத்தியைச் சாணை பிடிக்கும் ஆள் யார் என்று போன முதல் வாரமே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். என் மூட்டையில் இருந்தவற்றில் மிக உபயோகமானது உதிரி பிளேடுகளும், தலையில் கட்டும் பேட்டரி விளக்கும்.

விளக்கு ஏன் என்றால், மலாவியின் மின்சாரம் பெரும்பாலும் ஏரியிலிருந்து புறப்படும் ஷிரே ஆற்றிலிருந்து வருவது. மழை பொய்த்து ஏரி இறங்கினால் செப்டம்பர், அக்டோபரில் வயிறு திறந்திருக்கும்போது கரண்டு போகும். ஜெனரேட்டருக்கு டீசல் இருந்தால் சரி. காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் கான்சன்ட்ரேட்டர் கரண்டோடு நின்றுவிடும், ஆகவே பக்கத்தில் ஒரு சிலிண்டர், காலால் மிதிக்கும் உறிஞ்சி இரண்டும் எப்போதும் தயாராக இருக்கவேண்டும். கேஸ் தொடங்கும் முன் இவற்றைத் தொட்டுப் பார்ப்பது சர்ஜனின் வேலைதான், வேறு யார் வேலையும் அல்ல.

கத்தியை எடுக்கக்கூடாத நோய்களும் இருக்கின்றன. தாடை வீங்கி, பல் ஆடி, கண் பிதுங்கிய ஐந்தாறு வயதுப் பிள்ளை வந்தால் வெட்டி எடுக்கத் தோன்றும். வெட்டாதீர்கள். உகாண்டாவில் வேலை பார்த்த டெனிஸ் பர்க்கிட் 1958இல் விவரித்த கட்டி அது. மலேரியா கடுமையாக உள்ள நாடுகளில் பிள்ளைகளுக்கு வரும். அவரும் சர்ஜன்தான், கத்தியால் முடியாது என்று கண்டு மருந்துக்குப் போனார். சைக்ளோபாஸ்ஃபமைடு என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றினால் சில நாட்களில் முகம் பழையபடி ஆவதைப் பார்க்கலாம். சின்னத் துண்டு எடுத்து உறுதி செய்துகொண்டு, பெரிய நகரங்களான பிளான்டையரிலோ லிலோங்வேயிலோ உள்ள புற்றுநோய்ப் பிரிவுக்குச் சீக்கிரம் அனுப்புவதுதான் நம் வேலை. உணவுக்குழாய்ப் புற்று இதற்கு நேர் எதிர். உலகிலேயே அது மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளில் மலாவி ஒன்று. எச்சில்கூட இறங்காத நிலையில்தான் வருவார்கள். பெரிய ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காது. அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழாயை வைத்தால் இருக்கும் மாதங்களில் மகள் கையால் கஞ்சி குடிக்கலாம். அவ்வளவுதான் தர முடியும் என்று நேராகச் சொல்லப் பழக வேண்டும். அந்தப் பேச்சில் நம்மைவிட ஆஸ்பத்திரிப் பாஸ்டர் தேர்ந்தவர்.

பாஸ்டர் என்றதும் ஒன்று. மிஷன் ஆஸ்பத்திரி என்றால் படுக்கையில் கிடப்பவரிடம் மதப்பிரசாரம் செய்வது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். நான் இருந்த இடத்தில் காலை ஏழரைக்கு ஊழியர் ஜெபம். வாத்தியம் எதுவுமில்லாமல் நான்கு குரலில் பாடுவார்கள், அந்தப் பாட்டுக்காகவே சீக்கிரம் எழுந்திருக்கலாம். மேசையில் நோயாளி படுத்ததும் மயக்க ஆஃபீசர் உள்ளூர் மொழியான சிச்சேவாவில் ஒரு சிறு ஜெபம் சொல்வார். ஏரிக்கரையிலிருந்து வரும் முஸ்லிம் நோயாளி என்றால் முன்பே கேட்டுக்கொள்வார். பெரும்பாலும் "சொல்லுங்கள்" என்பார்கள். மனசாட்சியை உறுத்துவது ஜெபமல்ல, பில். அரசு ஆஸ்பத்திரி இலவசம், மிஷன் ஆஸ்பத்திரியில் கட்டணம் உண்டு. அரசோடு ஒப்பந்தம் உள்ள இடங்களில் பிரசவத்துக்குக் கட்டணமில்லை, மற்றதற்கு உண்டு. கட்டணம் வாங்காவிட்டால் காஸ் துணி வாங்க முடியாது. வாங்கினால் குடல் முறுக்கிக்கொண்டவர் ஆட்டை விற்றுவிட்டு மூன்றாம் நாள் வருகிறார். இதற்கு நான் விடை கண்டுபிடிக்கவில்லை. அவசர கேஸில் பணப்பேச்சைத் தியேட்டருக்குப் பிறகுதான் தொடங்கவேண்டும் என்ற ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன், நிர்வாகத்தோடு சண்டை போட்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் தானக் கன்டெய்னர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மலாவியில் 230 வோல்ட், பிரிட்டிஷ் மாதிரி பிளக். 110 வோல்ட் மெஷினை நல்ல மனதோடு அனுப்புவார்கள், போட்ட நிமிஷம் புகையும். எங்கள் ஸ்டோருக்குப் பின்னால் அப்படிப்பட்ட மெஷின்களுக்கென்றே ஒரு கொட்டகை இருந்தது. ஏதாவது அனுப்ப விரும்பினால் முதலில் அங்குள்ள மெயின்டெனன்ஸ் ஆளிடம் கேளுங்கள், டாக்டரிடம் அல்ல.

எல்லாவற்றுக்கும் மேலே கிளினிக்கல் ஆஃபீசர்கள். மூன்று வருட டிப்ளமோ, பிறகு இன்டர்ன்ஷிப். எம்.பி.பி.எஸ். கிடையாது. மலாவியின் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் சிசேரியன்களில் பெரும்பகுதியைச் செய்வது அவர்கள்தான். வளைபாதத்தோடு பிறந்த குழந்தைகளுக்குப் பொன்செட்டி முறையில் வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி நேராக்குவதும் அவர்கள்தான். எங்கள் சீனியர் ஆஃபீசர் வயிற்றில் கை வைத்தே குடல் முறுக்கா, சீழா என்று சொல்வார், பெரும்பாலும் சரியாக இருக்கும். போன புதிதில் மேசையின் எதிர்ப்பக்கம் நின்று அவருக்கு உதவுங்கள். நீங்கள் ஸ்பெஷலிஸ்ட் என்பது ஊருக்குத் தெரியும், நிரூபிக்கத் தேவையில்லை. பிறகு அவருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், தோல் ஒட்டுவதோ குடல் இணைப்பதோ. அதை அவர் கையில் கத்தியைக் கொடுத்துச் சொல்லிக்கொடுங்கள். அவர் செய்யும்போது கை துறுதுறுக்கும், கட்டிக்கொண்டு நில்லுங்கள். உங்கள் விசா முடியும், அவர் அங்கேயே இருப்பார்.

வீட்டு விஷயம் கொஞ்சம். தேங்காய் எங்கள் மேட்டில் அபூர்வம், ஏரிக்கரைக்குப் போகிறவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும். ஆனால் துவரை உண்டு. நன்டோலோ என்று தெற்கு மலாவி முழுக்க விளைகிறது, இந்தியாவுக்கே ஏற்றுமதி ஆகிறது. வடக்கே கரோங்கா பக்கத்துக் கிலோம்பெரோ அரிசி நல்ல மணம். இந்த இரண்டும் இருந்தால் சாம்பார் பிரச்சினையில்லை, பெருங்காயமும் புளியும் மட்டும் ஊரிலிருந்து. ஏரிப்பக்கம் முருங்கை மரமும் நிற்கிறது. அங்கே இலையைத்தான் தின்கிறார்கள். எங்கள் வீட்டில் காய் போட்டுக் குழம்பு வைத்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு நர்ஸ், கட்டையை மெல்லுகிறார்கள் என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிவிட்டார்.

போகத் தீர்மானித்தவர்களுக்கு: மலாவி மெடிக்கல் கவுன்சில் பதிவுக்கும் வேலை பர்மிட்டுக்கும் மாதங்கள் ஆகும், எம்.எஸ். சான்றிதழ், நம் கவுன்சிலின் நன்னடத்தைக் கடிதம் எல்லாம் முன்பே அட்டெஸ்ட் செய்து வையுங்கள். ஊசி குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அந்த டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்று முதல் நாளே கேளுங்கள், இரவு இரண்டு மணிக்குத் தேடாதீர்கள். கிளம்புமுன் ஏதாவது அரசு ஆஸ்பத்திரியில் மகப்பேறு வார்டிலும் எலும்பு முறிவு வார்டிலும் சில மாதம் நில்லுங்கள். இரண்டு வாரம் மட்டும் போக முடியும் என்றால் பெரிய ஆபரேஷன் எதையும் தொடங்காதீர்கள். நீங்கள் விமானம் ஏறிய மூன்றாம் நாள் தையல் விட்டால் பார்ப்பது அந்த ஆஃபீசர்தான். ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுக்கும் திட்டத்தோடு போங்கள், அதை மே மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரோடு காய்ந்திருக்கும், ரத்தம் மிஞ்சியிருக்கும், ஹெர்னியாக்காரர்கள் கையில் பணத்தோடு வரிசையில் நிற்பார்கள். பிப்ரவரியில் போனால் இது எதுவும் இருக்காது.